வாயைக் கட்டியவர் யார்?

பேசாதிருப்பதே பெண்ணுக்கு அழகு என்று ஒரு கருத்து உலகத்தில் வெகுகாலமாக உலாவி வருகிறது. அதற்குத் தத்துவ முத்திரை குத்திக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் அரிஸ்டாட்டில். தமது ‘அரசியல்’ நூலின் முதற் பாகத்தில், ஆணுக்குரிய நற்குணம் வேறு, பெண்ணுக்குரிய நற்குணம் வேறு என்று வாதிக்கும்போது, கவியே இப்படிச் சொல்லியிருக்கிறான் என்று அந்தக் கருத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார். ஞானி ஒருவர் கவி ஒருவனைச் சாட்சியாக நிறுத்திவிட்டால், அப்புறம் குறுக்கு விசாரணை செய்ய யாருக்குத் துணிவு வரும்?

நாம் செய்து பார்ப்போம்.

அந்தக் கவி ஸோபாக்ளிஸ். நாடகம் ‘அஜாக்ஸ்’. டிராய் யுத்தத்தில் அக்கிலிஸின் ஆயுதங்கள் தனக்குக் கிடைக்கவில்லை என்ற ஆத்திரத்தில் அஜாக்ஸ் என்ற வீரன் நடுநிசியில் வாளை எடுத்துக்கொண்டு கூடாரத்தை விட்டுப் புறப்படுகிறான். தன் சேனைத் தலைவர்களையே வெட்டிப் போட வேண்டும் என்பது அவன் எண்ணம். அவனோடு வாழ்கிறவள் டெக்மெஸ்ஸா. அவன் யுத்தத்தில் பிடித்து வந்த பெண். அவனுக்கு ஒரு மகனைப் பெற்றுக் கொடுத்தவள். அவள் விழித்துக்கொண்டு கேட்கிறாள்: தூதன் வரவில்லை, எக்காளம் ஊதவில்லை, படை முழுவதும் தூங்குகிறது, இந்த நேரத்தில் எங்கே போகிறீர்கள்? எந்த மனைவியும் கேட்கக்கூடிய கேள்விதான். எந்தப் புத்தியுள்ள மந்திரியும் கேட்டிருக்க வேண்டிய கேள்வியுங்கூட. அதற்கு அவன் கொடுத்த பதில்தான் அரிஸ்டாட்டில் எடுத்தாண்ட அந்தப் பொன்மொழி!

அவள் வாயை மூடிக்கொண்டாள். அவன் தனியாக ஓடினான். அதீனா தேவி அவன் புத்தியைத் திருப்பிவிட, மாடுகளையும் ஆடுகளையும் பகைவர்கள் என்று நினைத்து வெட்டிக் குவித்தான். தெளிவு வந்ததும் அவமானம் தாங்காமல் தன் வாளின்மேலேயே விழுந்து செத்தான்.

ஆக, பொன்மொழியைச் சொன்னவன் இருட்டில் கொலை செய்யப் புறப்பட்டவன். அதைச் சொன்ன காரணம், நியாயமான ஒரு கேள்வியிலிருந்து தப்பிக்க வேண்டும் என்பது. அதன் பலன் அவனுக்கே சர்வநாசம். அன்றிரவு அவளுக்கு அவன் நின்று பதில் சொல்லியிருந்தால் நாடகமே இல்லை. கவி இவ்வளவையும் வரிசையாக நம் கண்முன் வைத்திருக்கிறான். அந்த வார்த்தையை மட்டும் பிய்த்தெடுத்து, சொன்னவன் யார், எதற்காகச் சொன்னான் என்பதையெல்லாம் உதறிவிட்டு, உலகத்துப் பெண்களுக்கெல்லாம் பொது விதியாக்கியது நாடகத்துக்கு வெளியே இருந்தவர்களின் கைவரிசை.

இதுதான் என் வழக்கு. கிரேக்க சோக நாடகங்களில் பெண்கள் மௌனமாவதைப் பற்றி நம் ரசிகர்கள் மெய்சிலிர்த்துப் பேசுகிறார்கள். மௌனத்தின் மாண்பு என்கிறார்கள். சொல்லுக்கு எட்டாத துயரம் என்கிறார்கள். துயரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நாடகங்களில் பெண்ணின் மௌனம் மேகம் கவிவதுபோலத் தானாகக் கவிவது அபூர்வம். பெரும்பாலும் யாரோ ஒருவர் அதை உண்டாக்குகிறார். அவரைப் பெயர் சொல்லிக் காட்டாமல் மௌனத்தை மட்டும் புகழ்வது, கட்டிப்போட்ட கயிற்றின் முடிச்சு அழகாயிருக்கிறது என்று வியப்பது போன்றது.

கி.மு. 458-இல் ஈஸ்கிலஸ் அரங்கேற்றிய ‘அகமெம்னான்’ நாடகத்தைப் பாருங்கள். காற்று திரும்பவில்லை; கப்பல்கள் நகரவில்லை. தேவியின் கோபம் தணிய வேண்டுமானால் மன்னன் தன் மகள் இஃபிஜீனியாவைப் பலி கொடுக்க வேண்டும். கொடுக்கிறான். அந்தக் காட்சியை முதியோர்களின் குழு பாடலாகச் சொல்கிறது. ஆட்டுக்குட்டியைத் தூக்குவது போல அவளைப் பலிபீடத்தின்மேல் தூக்குகிறார்கள். தூக்கும்போது தகப்பன் இன்னொரு உத்தரவும் போடுகிறான்: அவள் வாயைக் கட்டிவிடுங்கள். எதற்காக? அழுகுரல் காதுக்குக் கஷ்டமாக இருக்கும் என்பதற்காகவா? இல்லை. சாகப்போகிறவள் குடும்பத்தைச் சபித்துவிட்டால் சாபம் பலித்துவிடும் என்ற பயத்தினால். அவள் கண்களால் ஒவ்வொருவரையும் பார்க்கிறாள். ஒரு காலத்தில் தகப்பனின் விருந்துக் கூடத்தில் பாடிய பெண் அவள் என்பதையும் கவி மறக்காமல் சொல்கிறான். பாடும்போது இனித்த குரல், நியாயம் கேட்கப் போகும்போது ஆபத்தாகிவிட்டது.

பெண்ணின் சொல்லுக்குச் சக்தி இல்லை என்று நினைக்கிறவன் அவள் வாயைக் கட்டச் சிரமப்படமாட்டான். அந்தத் துணி, அவள் சொல்லின் வலிமைக்கு அகமெம்னானே எழுதிக் கொடுத்த அத்தாட்சி!

பத்து வருஷம் கழித்து அவன் வெற்றியோடு திரும்பி வருகிறான். தாய் கிளிட்டெம்னெஸ்ட்ரா காத்திருக்கிறாள். அவள் பேசத் தெரிந்தவள். டிராய் விழுந்த செய்தி மலைக்கு மலை தீப்பந்தமாக எப்படி வந்து சேர்ந்தது என்று அவள் விளக்கியதும், முதியோர்கள் அவளைப் பாராட்டுகிறார்கள். எப்படி என்றால், விவேகமுள்ள ஓர் ஆண் மாதிரிப் பேசுகிறாய் என்று! வாய் திறந்த பெண்ணுக்கு அந்த அரங்கில் கிடைக்கிற உச்சமான புகழ் அதுதான்: நீ பெண் மாதிரி இல்லை. அவள் கணவனைக் கொல்கிறாள். கொலைக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. பிறகு மகன் ஒரெஸ்டிஸ் அவளைக் கொல்கிறான். மூன்றாவது நாடகத்தில் ஏதென்ஸ் நகரத்து நீதிமன்றத்தில் அந்த மகனுக்கு விசாரணை நடக்கிறது.

இந்த விசாரணையைத்தான் நாகரிகத்தின் உதயம் என்று புகழ்கிறார்கள். பழிக்குப் பழி ஒழிந்து சட்டம் பிறந்தது என்கிறார்கள். சரி, சட்டம் எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். அப்போலோ தேவன் எழுந்து, தாய் என்பவள் உண்மையில் பெற்றவளே அல்ல, ஆண் விதைத்த விதையைக் காத்து வைத்திருப்பவள் மட்டுமே என்று வாதாடுகிறான். சாட்சி, தாயில்லாமல் தகப்பனிடமிருந்து பிறந்த அதீனா. அவளே ஒரெஸ்டிஸின் பக்கம் ஓட்டுப் போடுகிறாள். இரு பக்கமும் ஓட்டுகள் சமம். எனவே அவனுக்கு விடுதலை. அந்த வழக்கின் மூலகாரணமான இஃபிஜீனியாவின் பெயரை அங்கே ஒருவரும் உச்சரிப்பதில்லை. முதல் நாடகத்தில் துணியால் கட்டிய வாயை மூன்றாவது நாடகம் சட்டத்தால் கட்டிவிட்டது. தாய்க்காக வழக்காட வந்த பழி தேவதைகளுக்கு மரியாதை, பூஜை எல்லாம் உண்டு. குடியிருப்பு மட்டும் பூமிக்கு அடியில்!

இப்போது ஒரு கூட்டம் என்னை மறிக்கும். “ஆண்டிகனி இல்லையா? மீடியா இல்லையா? உலக இலக்கியத்தில் இவ்வளவு உரக்கப் பேசிய பெண்கள் வேறு எங்கே இருக்கிறார்கள்?” என்று கேட்பார்கள். நல்ல கேள்வி, ஒதுக்கக் கூடாது.

ஆண்டிகனி பேசுகிறாள், பிரமாதமாகப் பேசுகிறாள். மன்னன் கிரியானின் ஆணையைவிடப் பெரிய நியதி உண்டு என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். அவனுடைய கோபத்தைக் கவனியுங்கள். சட்டத்தை மீறினாள் என்பதோடு, ஒரு பெண்ணிடம் தோற்பதா என்ற உறுத்தல் அவனைத் திரும்பத் திரும்பக் குடைகிறது. அவளை உயிரோடு குகையில் அடைக்கிறான். அதே நாடகத்தின் கடைசியில் கிரியானின் மனைவி யூரிடிஸி வருகிறாள். மகன் செத்த செய்தியைக் கேட்கிறாள். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போகிறாள். அந்த மௌனம் குழுவினருக்கே பயமாக இருக்கிறது. உள்ளே பலிபீடத்தின் அருகே கணவனைச் சபித்துவிட்டுக் குத்திக்கொண்டு சாகிறாள்; சாபத்தை நாம் வேறொருவன் வாயால்தான் கேட்கிறோம். பேசியவளும் செத்தாள், பேசாதவளும் செத்தாள். மேடையில் நின்று புலம்பும் உரிமை கிரியானுக்கு மிஞ்சியது.

மீடியாவோ, பெண்ணின் கல்யாண வாழ்வைப் பற்றி, வரதட்சிணையாகப் பணம் கொட்டி ஓர் எஜமானனை வாங்கிக்கொள்வதைப் பற்றி, இன்றைக்கும் நம் நடுத்தர வீட்டுக் கூடத்தில் நின்று படித்தால் சிலர் எழுந்து போய்விடக்கூடிய பேச்சைப் பேசுகிறாள். ஆனால் அந்தப் பேச்சை யார் வாயில் வைத்தார் யூரிப்பிடிஸ்? அந்நிய நாட்டவள், மந்திரக்காரி, கடைசியில் பெற்ற பிள்ளைகளைக் கொல்லப் போகிறவள். உண்மையைப் பேசுகிற பெண் ராட்சசியாகவும் இருக்க வேண்டும் என்ற விலையை அந்த அரங்கு வசூலித்துவிடுகிறது. கி.மு. 431-இல் நடந்த போட்டியில் அந்த நாடகம் இருந்த தொகுதிக்கு மூன்றாவது இடம். போட்டியிட்டவர்களே மூன்று பேர்தான். அதே ஆண்டில் தொடங்கிய யுத்தத்தில் மாண்ட வீரர்களுக்காகப் பெரிக்கிளிஸ் பேசிய பேச்சைத் தூசிடிடிஸ் எழுதி வைத்திருக்கிறார். விதவைகளுக்கு அந்தத் தலைவன் சொன்ன ஆறுதல், ஆண்களின் நடுவே புகழ்ச்சியாகவோ இகழ்ச்சியாகவோ உங்கள் பேச்சே எழாமலிருப்பதுதான் உங்களுக்குப் பெருமை என்பது. இதுதான் அந்த அரங்கின் ஊர். பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டிய மேடை.

அதே யூரிப்பிடிஸ் ஹிப்பாலிட்டஸின் கதையை இரண்டு முறை எழுதினார். முதல் நாடகத்தில் தகாதனவாக இருந்தவற்றை இரண்டாவதில் திருத்தினார் என்று பழைய குறிப்பு ஒன்று சொல்கிறது. முதல் நாடகம் சில துண்டுகள் தவிர அழிந்துபோயிற்று. திருத்திய நாடகத்தில் ஃபீட்ரா, கணவனின் முதல் தாரத்து மகன்மேல் கொண்ட ஆசையை வெளியே சொல்லாமல் பட்டினி கிடந்து சாகப் பார்க்கிறாள். ரகசியத்தைப் போட்டு உடைப்பவள் தாதி. ஃபீட்ரா தூக்கிட்டுக்கொண்டு சாகிறாள். பொய்க் குற்றச்சாட்டு எழுதிய கடிதம் கையில் தொங்குகிறது. உயிரோடிருக்கும்போது உண்மையைப் பேசக் கூடாது, செத்த பிறகு எழுத்தில் பொய் பேசலாம்! திருத்திய அந்த நாடகத்துக்குக் கி.மு. 428-இல் முதற் பரிசு கிடைத்தது.

இத்தனையிலும் என்னை அதிகம் தொந்தரவு செய்கிற பெண் அயோலி. ஸோபாக்ளிஸின் ‘டிராக்கிஸ் நகரப் பெண்கள்’ நாடகத்தில் அவள் வருகிறாள். நாடகம் முழுவதிலும் அவளுக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. ஹிராக்கிளிஸ் அவள்மேல் ஆசைப்பட்டு அவள் ஊரை அழித்தான். அவளைச் சிறைப்பிடித்துத் தன் மனைவி இருக்கும் வீட்டுக்கே அனுப்பிவைத்தான். மனைவி டியானிரா கைதிகளின் நடுவே அவளைப் பார்த்து இரங்கி, நீ யாரம்மா என்று கேட்கிறாள். பதில் இல்லை. ஊரை விட்டுப் புறப்பட்டது முதல் அழுகைதான், பேச்சில்லை என்கிறான் அழைத்து வந்தவன். வற்புறுத்த வேண்டாம், உள்ளே போகட்டும் என்று விட்டுவிடுகிறாள் டியானிரா. அந்த நாடகத்தில் அயோலியிடம் அவளைப் பற்றிக் கேட்ட ஒரே ஜீவன், அவளால் வாழ்வை இழக்கப்போகிற அந்த மனைவிதான்.

கணவனின் அன்பைத் திரும்பப் பெறும் மருந்து என்று நம்பி டியானிரா அனுப்பிய அங்கி விஷமாகி அவனை எரிக்கிறது. மகன் ஹில்லஸ் வந்து தாயைக் கொலைகாரி என்று சபிக்கிறான். அவள் பதில் பேசாமல் உள்ளே போகிறாள். பேசாமல் போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும் என்று குழு எச்சரிக்கிறது, அப்படியும் போகிறாள், கணவனின் படுக்கையின்மேல் வாளால் தன்னை மாய்த்துக்கொள்கிறாள். நாடகத்தின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அவளுடையது. மீதியை ஹிராக்கிளிஸ் எடுத்துக்கொள்கிறான். அவள் தெரியாமல் செய்தாள் என்று மகன் எடுத்துச் சொன்ன பிறகு, அந்த மாவீரன் அவளைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டுமே! சொல்லவில்லை. பழைய தெய்வவாக்கு பலித்துவிட்டது என்று தன் கதையைப் பேசத் தொடங்கிவிடுகிறான். கடைசியாக மகனுக்குக் கட்டளை: அயோலியை நீ கல்யாணம் செய்துகொள். மகன் மறுக்கிறான், வாதாடுகிறான், பிறகு பணிகிறான். மறுக்கும் உரிமையாவது அவனுக்கு இருந்தது. அயோலியிடம் சொல்லியனுப்பக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

மேடை நிர்ப்பந்தம் என்று சமாதானம் சொல்கிற பண்டிதர்கள் உண்டு. பேசும் நடிகர்கள் மூன்று பேருக்கு மேல் கிடையாது. ஆகவே சிலர் ஊமையாக நிற்கத்தான் வேண்டும் என்பார்கள். வாஸ்தவந்தான். ஆண் பாத்திரங்களும் ஊமையாக நிற்பதுண்டு. ஒரெஸ்டிஸின் தோழன் பைலடிஸ் மூன்றே வரிதான் பேசுகிறான். ஆனால் அந்த மூன்று வரி, தாயைக் கொல்வதா விடுவதா என்று ஒரெஸ்டிஸ் தயங்கும் கணத்தில் வந்து விதியையே தீர்க்கிறது. டெக்மெஸ்ஸாவுக்கு நடந்ததைப் பாருங்கள். அஜாக்ஸின் பிணத்தைக் கண்டெடுத்தவள் அவள். தன் போர்வையால் மூடியவள் அவள். பிணத்தைப் புதைப்பதா நாய்க்குப் போடுவதா என்று தலைவர்கள் சண்டை போடும்போது, குழந்தையோடு பிணத்தின் அருகில் ஒரு சொல் இல்லாமல் இருக்கிறாள். நடிகர் பஞ்சம் என்றே வைத்துக்கொள்வோம். பஞ்சம் வந்தால் யார் இலையில் முதலில் சோறு குறைகிறது என்பதைப் பார்த்துத்தானே ஒரு வீட்டின் நியாயத்தை அளக்கிறோம்?

இனி மறுகோடியில் நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட நாடகங்கள் எதற்கு, தூக்கி எறியுங்கள் என்கிறவர்களோடும் நான் சேரமாட்டேன். ஸோபாக்ளிஸைப் பெண் விடுதலை வீரராக்கி மாலை போடவும் எனக்கு உத்தேசமில்லை. அவர் தம் ஊர்க்காரர், தம் காலத்தவர். ஆனால் வாயைக் கட்டிய கையை மறைக்காமல் எழுதினார்கள் அந்த மூன்று பேரும். நமக்குச் சாட்சியே அவர்கள்தான். நாடகத்தை எறிந்துவிட்டால் சாட்சியம் போய்விடும். குற்றவாளிகள் சௌக்கியமாக இருப்பார்கள். 1985-இல் நிக்கோல் லோரோ என்ற பிரெஞ்சு அறிஞர் இந்த நாடகங்களில் பெண்கள் எப்படி எப்படியெல்லாம் சாகடிக்கப்படுகிறார்கள் என்பதையே ஒரு சிறு புத்தகமாக எழுதினார். 1983-இல் ஜெர்மன் நாவலாசிரியை கிறிஸ்டா வோல்ஃப், யாரும் நம்பாத தீர்க்கதரிசி கஸாண்ட்ராவின் வாயிலாகவே முழுக் கதையையும் சொல்ல வைத்தார். இரண்டுக்கும் பழைய நாடகங்களே ஆதாரம்.

நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. அந்த மேடையின் வழக்கம் நாவலுக்குள்ளும் குடியேறிவிட்டது. அன்னா கரீனினா ரயிலின் அடியில் விழுந்த பிறகும் டால்ஸ்டாய்க்கு ஒரு முழுப் பாகம் பாக்கியிருக்கிறது. அதில் லெவின் தன் ஆத்ம விசாரத்தை நடத்துகிறான். 1891-இல் வந்த ஹார்டியின் ‘டெஸ்’ நாவலில் டெஸ் தூக்கிலிடப்படுகிறாள். அவள் கேட்டுக்கொண்டபடியே, அவளைக் கைவிட்டுப் போயிருந்த கணவன் அவள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போகிறான். ஹிராக்கிளிஸ் வீட்டு ஏற்பாடு அப்படியே வந்திருக்கிறதே! இவர்கள் மேதைகள்; அவர்கள் கையில் அது நெஞ்சைப் பிளக்கிறது. மேதைகளல்லாத நம் போன்றவர்கள் கையில் அது வெறும் சௌகரியமாகிவிடுகிறது. கதாநாயகி கேட்ட கேள்விக்குக் கதையில் பதில் இல்லையா? அவளைக் கிணற்றில் தள்ளு, காசநோய் கொடு, அதுவும் இல்லையென்றால் கண்ணீர் துளிர்க்க ஜன்னலோரம் நிற்க வைத்து, ‘அவள் மௌனமானாள்’ என்று அத்தியாயத்தை முடி. வாசகர்கள் உருகுவார்கள். எழுதுகிறவன் பதில் சொல்லும் பொறுப்பிலிருந்து அஜாக்ஸைப் போலத் தப்பித்துவிடலாம்.

உருகுகிற வாசகர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த முறை ஒரு கதையில் ஒரு பெண் மௌனமானால், கண்ணைத் துடைத்துக்கொள்ளுமுன் முந்தின பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அவள் கடைசியாக என்ன கேட்டாள், யாரிடம் கேட்டாள், அவன் என்ன சொன்னான்?

யூரிப்பிடிஸின் ‘அல்ஸெஸ்டிஸ்’ நாடகத்தில் மனைவி கணவனுக்குப் பதிலாகத் தன் உயிரைக் கொடுக்கிறாள். சாகுமுன், குழந்தைகளுக்குச் சிற்றன்னை கொண்டுவராதே என்று கேட்கிறாள். அட்மீட்டஸ் சத்தியம் செய்கிறான். உன்னைப் போல ஒரு சிலை செய்து படுக்கையில் வைத்துக்கொள்வேன் என்றுகூடச் சொல்கிறான். பிறகு ஹிராக்கிளிஸ் எமனோடு மல்லுக்கட்டி அவளை மீட்டு, முகத்தை மூடி, யாரோ ஒரு பெண் என்று கொண்டுவந்து நிறுத்துகிறான். அட்மீட்டஸ் முதலில் மறுக்கிறான். வற்புறுத்தலுக்கு இணங்கி, மனைவி என்று தெரியாமலே அந்த அந்நியப் பெண்ணின் கையைப் பிடிக்கிறான். செய்த சத்தியம் எவ்வளவு நேரம் தாங்கியது என்பதை அந்தத் திரைக்குள்ளிருந்து அவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். திரை விலகுகிறது. ஏன் பேசவில்லை என்கிறான் கணவன். மூன்றாம் நாள் விடியும்வரை தீட்டு நீங்காது, அதுவரை அவள் குரலைக் கேட்கக் கூடாது என்கிறான் ஹிராக்கிளிஸ். எல்லோரும் சந்தோஷமாக உள்ளே போகிறார்கள். நாடகம் முடிகிறது.

கி.மு. 438-லிருந்து அவள் அந்த வாசலில் நிற்கிறாள். மூன்றாம் நாள் எப்போதோ விடிந்துவிட்டது. அவள் கணவனிடம் என்ன கேட்டாள் என்பதை எழுத வேண்டியது நம் வேலை.